குடும்ப ஜெபத்துக்கு வர மறுக்கும் பிள்ளை: பெற்றோர் முன் இருக்கும் நான்கு வழிகள்

கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதாகும்போது இந்தச் சிக்கல் எப்படியும் தலைகாட்டும். அதுவரை அம்மா மடியில் உட்கார்ந்து கைகூப்பியவன், இப்போது ஜெபநேரம் என்றதும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். மனப்பாட வசனம் கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் வயிறு வலிக்கிறது. அப்பாவுக்குக் கோபம், பாட்டிக்குக் கவலை, அம்மா நடுவில். இந்த இடத்தில் பெற்றோர் எடுக்கிற முடிவு, அந்தப் பிள்ளை இருபது வயதில் சபையில் இருக்குமா என்பதை மட்டுமல்ல, கடவுளை நினைத்தால் அதற்கு என்ன உணர்வு வரும் என்பதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நான் ஓய்வுநாள் பள்ளியில், அதாவது சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞாயிறு பள்ளியில், பல வருடங்களாக வகுப்பெடுத்து வருகிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது பாடத்தைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான். அடித்தாவது உட்கார வைக்க வேண்டுமா? சபையிடம் ஒப்படைத்துவிட்டால் போதுமா? பெரியவனானதும் அவனே முடிவு செய்யட்டும் என்று விடலாமா? வேறு வழி உண்டா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபநேரத்தில் உட்கார வேண்டும் என்று சொல்ல பெற்றோருக்கு உரிமை உண்டு. நம்பு என்று கட்டளையிட யாருக்கும் உரிமை இல்லை, அது நடக்கவும் நடக்காது. இந்தக் கோட்டை மதிக்கிற வழியே நல்ல வழி.

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ஆய்வு, கலிபோர்னியாவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் 1960களில் செய்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கவனித்து அவர் மூன்று வகைகளைச் சொன்னார். ஒன்று, சொன்னதைக் கேள், கேள்வி கேட்காதே என்கிற அதிகார வகை. இரண்டு, விதி உண்டு, அதற்குக் காரணமும் சொல்வேன், நீ சொல்வதையும் கேட்பேன் என்கிற உறுதியான வகை. மூன்று, எதையும் கேட்காமல் விடுகிற வகை. கண்டுகொள்ளவே செய்யாத நான்காவது வகையை 1983இல் மக்கோபியும் மார்ட்டினும் சேர்த்தார்கள். நம் வீடுகளில் குழப்பம் வருவது முதல் இரண்டுக்கும் நடுவில்தான். அடிக்காவிட்டால் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாவது வகைப் பெற்றோரும் பிள்ளையிடம் நிறையவே எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பிரம்பின் வழி

இந்த வழி நம் சபைகளில் ஆழமாக வேரூன்றியிருப்பதற்குக் காரணம் உண்டு. நீதிமொழிகள் 13:24 நமக்கு மனப்பாடம்: "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." 22:15, 23:13 வசனங்களும் அதையே சொல்கின்றன. வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க், ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கேயின் பக்தி இயக்கத்தில் உருவானவர். பிள்ளையின் சுயசித்தத்தை உடைத்தால்தான் பக்தி வேர்விடும் என்பது பிராங்கேயின் கல்விக் கொள்கை. நம் மண்ணில் புராட்டஸ்டண்ட் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர்கள் இந்தச் சூழலிலிருந்துதான் வந்தார்கள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை (விசுவாசத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கும் கையேட்டை) தமிழாக்கியவரும் சீகன்பால்க்தான்.

அந்த ஞானோபதேசத்தின் முன்னுரை படிக்க வேண்டிய ஒன்று. 1529இல் எழுதியது. கற்றுக்கொள்ள மறுப்பவர்களுக்கு வீட்டார் சோறும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்கிறார் லூத்தர். அதே பத்தியில், யாரையும் விசுவாசிக்கும்படி கட்டாயப்படுத்த நம்மால் முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது என்றும் எழுதுகிறார். ஒரே மூச்சில் இரண்டும். ஒரு கொட்டையை எடுத்ததற்காக ரத்தம் வரும்வரை தன் தாய் அடித்ததையும், அந்தக் கடுமைதான் தன்னை மடத்துக்குத் துரத்தியது என்பதையும் பின்னாளில் சாப்பாட்டு மேசையில் நினைவுகூர்ந்தவர் அவர். பிரம்பின் பக்கத்தில் ஆப்பிளும் இருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். அடி வாங்கி வளர்ந்த ஒருவர் அடியை முழுக்க விடவும் முடியாமல், அதை முழுக்க நம்பவும் முடியாமல் நின்றதை இதில் பார்க்கிறேன். நம் தகப்பன்மார் பலரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

இந்த வழியால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரம்புக்குப் பயந்து சங்கீதம் 23, 91, 121 மூன்றையும் ஐந்து வயதில் ஒப்புவித்தவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அறுபது வயதில் அந்த வரிகள் அவர்களுக்குத் துணையாக வந்திருக்கின்றன. வேதத்தில் இருக்கும் பழக்கம், நேரம் தவறாமை, பெரியவர் முன் அடக்கம் எல்லாம் அந்த வீடுகளில் வளர்ந்தன. ஆனால் இவை கிடைத்தது பிரம்பினாலா, தினமும் தவறாமல் நடந்த ஜெபத்தினாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்.

பிரம்பு மட்டுமே செய்வது என்ன? எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் இருவரும் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 75 ஆய்வுகளையும் சுமார் 1,60,000 பிள்ளைகளையும் உள்ளடக்கியது. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடுதல், நல்லது கெட்டதைத் தானாக உணர்ந்து நடப்பது குறைவு என்று அது காட்டியது. தொடர்பு இருக்கிறது என்பதால் அடிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, உண்மைதான். ஆனாலும் அந்தக் கடைசி அம்சத்தைச் சமயக் கல்வியோடு வைத்துப் பாருங்கள். யாரும் பார்க்காதபோதும் சரியாக நடக்கிற மனதைத்தானே நாம் உருவாக்க நினைக்கிறோம்?

இதைவிட எனக்குக் கவலை தருவது, அடியோடு கடவுளையும் சேர்த்துக் கட்டுவது. "சாமி கண்ணைக் குத்தும்" என்பதன் நம் வீட்டு வடிவம் "இயேசப்பா கோபப்படுவார்." சோறு மிச்சம் வைத்தால், தம்பியைக் கிள்ளினால், கணக்கில் மார்க் குறைந்தால் எல்லாவற்றுக்கும் இயேசப்பா கோபப்படுகிறார். வகுப்பில் பிள்ளைகளைக் கடவுளை வரையச் சொன்னால் சிலர் பெரிய கண்களை வரைவார்கள். ஒரு சிறுவன் கண் மட்டுமே வரைந்தான், முகம் இல்லை. அவன் அப்பா கெட்டவர் இல்லை, சபையில் எல்லா வேலைக்கும் முன்னால் நிற்பவர்.

அமெரிக்காவில் இந்த வழி எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்தாயிற்று. 1994இல் மைக்கேல், டெபி பேர்ல் தம்பதி வெளியிட்ட வளர்ப்பு நூல், கைக்குழந்தையிலிருந்தே குச்சியால் பழக்கச் சொன்னது. கலிபோர்னியாவில் 2010இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 2011இலும் பெற்றோரின் கொடுமையால் தத்துப்பிள்ளைகள் இறந்த வழக்குகளில், அந்த வீடுகளில் இந்த நூல் இருந்தது. நாங்கள் சொன்னது அதுவல்ல என்று ஆசிரியர்கள் மறுத்தார்கள். அடிக்கிற எல்லோரும் அங்கே போய் நிற்பதில்லை. ஆனால் பிள்ளையின் சித்தம் உடையும்வரை நிறுத்தாதே என்று சொல்கிற எந்தப் போதனையிலும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அளவு கிடையாது.

வசனத்துக்கு வருவோம். நீதிமொழிகளைப் பிடித்துக்கொள்பவர்கள் எபேசியர் 6:1ஐயும் சொல்வார்கள்: பிள்ளைகளே, கீழ்ப்படியுங்கள். மூன்றே வசனம் தள்ளி இருப்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்: "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." பிள்ளைமேல் தகப்பனுக்கு ஏறக்குறைய எல்லையில்லாத அதிகாரம் கொடுத்த ரோமச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட வரி அது. பிள்ளைக்கு அறிவுரை சொன்ன கையோடு தகப்பனுக்கும் கடிவாளம் போடுகிறது. கொலோசெயர் 3:21 காரணமும் சொல்கிறது, பிள்ளைகள் "திடனற்றுப்போகாதபடி" என்று. மனம் உடைந்துபோகும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

சபையிடம் ஒப்படைப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுநாள் பள்ளி, மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி, அப்புறம், ஞானஸ்நான வாக்குறுதியைப் பிள்ளை தானே ஏற்கும் திடப்படுத்தலுக்கான வகுப்பு. கத்தோலிக்கர் என்றால் மறைக்கல்வி, முதல் நற்கருணை. எல்லாம் நல்லவை, நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் எங்கள் கையில் இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம், அதிலும் வருகைப் பதிவும் காணிக்கையும் போக முக்கால் மணி. 1780இல் இங்கிலாந்தின் க்ளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க. வீட்டில் நடக்க வேண்டியதற்கு மாற்றாக அல்ல. வீட்டில் ஜெபமே இல்லாத பிள்ளை எங்கள் வகுப்பில் பாட்டும் செயலும் கற்றுக்கொள்ளும், பரிசும் வாங்கும். ஒன்பதாம் வகுப்பில் ஞாயிறு டியூஷன் வந்ததும் வருவது நின்றுவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டில் மென்மையாக இருக்கும் பெற்றோர், வெளியே பயமுறுத்தலுக்குப் பிள்ளையை அனுப்பிவிடலாம். நரகத்தைப் படம் போட்டுக் காட்டி ஏழு வயதுப் பிள்ளைகளை அழவைத்து ஒப்புக்கொடுக்கச் சொல்லும் கூட்டங்கள் நடக்கின்றன. அனுப்புவதற்கு முன் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

பெரியவனானதும் அவனே தீர்மானிக்கட்டும்

இதைத் தேர்ந்தெடுப்பவர்களைச் சோம்பேறிகள் என்று பிரசங்கங்களில் திட்டுகிறார்கள். அது நியாயமில்லை. எனக்குத் தெரிந்து இவர்களில் பலர் பிரம்பின் வழியில் வளர்ந்தவர்கள். தாங்கள் பட்டது பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள். அந்த நோக்கத்தை மதிக்கிறேன்.

ஆனால் இது நடுநிலை இல்லை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பிள்ளையின் மனம் காலியாகக் காத்திருக்காது. யூடியூபும் பள்ளிக்கூடமும் பக்கத்து வீடும் அதை நிரப்பும். அமெரிக்கப் போதகர் ஹொரஸ் புஷ்னெல் தன் கிறிஸ்தவ வளர்ப்பு பற்றிய நூலில் இதற்கு வேதாகமத்திலிருந்து ஒரு பெயர் எடுத்துக் கொடுத்தார்: முட்டையை மண்ணில் போட்டுவிட்டுப் போகும் தீக்குருவியின் (நெருப்புக்கோழியின்) வளர்ப்பு. அவர் 1847இல் முதலில் எழுதியபோது எதிர்த்தது இன்னொரு பக்கத்தை. பிள்ளை ஒருநாள் எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பும்வரை பாவியாகவே வளரட்டும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பிள்ளை கிறிஸ்தவனாகவே வளர வேண்டும், தன்னை வேறு விதமாக அறியாமலே வளர வேண்டும் என்றார். அந்தப் புத்தகத்தை வெளியிட்ட சங்கமே எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. பயத்தையும் கைவிடுதலையும் ஒரே ஆள் எதிர்த்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நான் சொல்ல வரும் நான்காவது வழியும் அப்படித்தான்.

உறுதியும் உரையாடலும்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவைப் பிரம்பின் கட்சிக்காரர்கள் எப்போதும் சாட்சிக்கு அழைப்பார்கள். காரணம் உண்டு. பத்தொன்பது பிள்ளை பெற்ற அவர் 1732இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், முதலில் பிள்ளையின் சித்தத்தை வெல்ல வேண்டும் என்கிறார். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பழக்கியதாகச் சொல்கிறார். படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அதே வீட்டில் நடந்த வேறு இரண்டு காரியங்களை அவர்கள் சொல்வதில்லை. தப்பை ஒத்துக்கொண்டால் அடி கிடையாது என்று சூசன்னா ஒரு விதி வைத்திருந்தார். அடிக்குப் பயந்து பிள்ளைகள் பொய் சொல்வதை அவர் கவனித்திருக்கிறார். இன்னொன்று, வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்கு. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, வியாழன் ஜாக்கி என்று முறை வைத்துத் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜாக்கி என்பது ஜான் வெஸ்லிதான். வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகு அம்மாவுக்கு எழுதும்போது, பழைய வியாழன் மாலையின் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தனக்காக ஒதுக்க முடியுமா என்று கேட்கிறார். மகன் திரும்பக் கேட்டது அந்தப் பேச்சைத்தான்.

தெற்குக் கலிபோர்னியாவில் வெர்ன் பெங்ட்ஸன் 1970இலிருந்து சுமார் 35 ஆண்டுகள், 3,500 பேருக்கு மேல், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இந்தப் பக்கமே கை காட்டுகிறது. பெற்றோர் பிள்ளைகளிடம் அன்பாக, நெருக்கமாக இருந்த குடும்பங்களில் விசுவாசம் அடுத்த தலைமுறைக்கு அதிகம் கடந்தது. அதிலும் அப்பாவின் நெருக்கம் மிக முக்கியமாக இருந்தது. பக்தியில் எவ்வளவு தீவிரமாக இருந்தாலும், பிள்ளையிடமிருந்து விலகி நின்ற அப்பாவால் அதைக் கைமாற்றிக் கொடுப்பது கடினமாக இருந்தது.

இது அமெரிக்கக் கணக்கு, நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரூத் சாவ் 1994இல் சீனக் குடும்பங்களைப் பற்றி எழுதியபோது, வெளியிலிருந்து அதிகாரமாகத் தெரிவது பிள்ளைக்கு அக்கறையாகவே போய்ச் சேரலாம் என்று காட்டினார். அமெரிக்கப் பழமைவாதக் கிறிஸ்தவப் பெற்றோரைப் பற்றிப் பிராட்ஃபோர்ட் வில்காக்ஸ் 1998இல் வெளியிட்ட ஆய்விலும், அவர்கள் அடிப்பது அதிகம் என்றாலும் அணைப்பதும் பாராட்டுவதும் கூட அதிகம் என்று வந்தது. அதனால் கண்டிப்பான வீடெல்லாம் கெட்ட வீடு என்று நான் சொல்லவில்லை. அந்த வீடுகளைத் தாங்கி நிற்பது அணைப்புதான், அதை வைத்துக்கொண்டு பிரம்பை விட்டுவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு கேள்வியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து வயது மகள் ராத்திரி ஜெபம் முடிந்து பாய் விரிக்கும்போது கேட்கிறாள்: "அப்பா, என் பக்கத்துல உக்காருறவ கோயிலுக்குப் போறவ. அவ நரகத்துக்குப் போயிருவாளா?"

பிரம்பின் வழி அப்பா: "இதெல்லாம் உனக்கு எதுக்கு? வேதத்துல என்ன இருக்கோ அதுதான். பேசாம படு." ஒப்படைக்கும் அப்பா: "ஞாயித்துக்கிழமை டீச்சர்கிட்ட கேளு." விட்டுவிடும் அப்பா: "அதெல்லாம் ஒண்ணும் யோசிக்காதம்மா." மூன்று பேரும் பேச்சை முடித்துவிட்டார்கள். அவளுக்கு நிஜமாகவே இருந்த பயம், தோழியை இழந்துவிடுவோமோ என்ற பயம், அவளோடே படுக்கப் போகிறது.

நான்காவது அப்பா இப்படிப் பேசலாம்: "அவளை நெனச்சு பயமா இருக்காம்மா? நீ அவளை எவ்வளவு நேசிக்கிறியோ, அதைவிட ஆண்டவர் அவளை அதிகமா நேசிக்கிறார். அதை நான் நம்புறேன். தீர்ப்பு அவர் கையில, நம்ம கையில இல்ல. உனக்கு என்ன தோணுது?" அவருடைய இறையியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் அவர் தான் நம்புவதைச் சொன்னார், அவளையும் பேசவிட்டார். அடுத்த கேள்வியோடு அவள் அவரிடமே வருவாள்.

வேதமும் இப்படித்தான் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. யாத்திராகமம் 12:26இல் பஸ்காவின் நடுவே பிள்ளைகள் "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று கேட்பார்கள் என்று வருகிறது, கேட்கும்போது சொல்லுங்கள் என்கிறது. உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசச் சொல்கிறது. ரோமில் 1954இல் சோஃபியா கவலெட்டியும் ஜியானா கோபியும் தொடங்கிய நல்ல மேய்ப்பன் மறைக்கல்வி இதை மாண்டிசோரி முறையில் செய்கிறது. (அந்த மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தவர்.) மூன்று வயதுப் பிள்ளைகள் முன்னால் மரத்தால் செய்த மேய்ப்பனும் சின்ன ஆட்டுக்குட்டிகளும் இருக்கும். கதையைச் சொல்லிவிட்டு, இந்த ஆடுகள் யாராக இருக்கும் என்று ஆசிரியை கேட்பார். "நீதான் அந்த ஆடு" என்று சொல்ல மாட்டார். சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒருநாள் தானாகவே கண்டுபிடிக்கும். இதை வீட்டிலும் செய்யலாம், அட்டையில் ஆடு வெட்டினால் போதும்.

நடைமுறைக்கு வந்தால், ஜெபநேரம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எட்டரை என்றால் எட்டரை, அப்பாவின் போனும் அணைந்திருக்க வேண்டும். பிள்ளை கட்டாயம் உட்கார வேண்டும், மற்றவர் ஜெபிக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது. இதில் பேரம் இல்லை. ஆனால் பாட்டை அது தேர்ந்தெடுக்கட்டும். ஜெபிக்க விருப்பமில்லை என்றால் வாய்மூடி இருக்கலாம், அதற்காக முறைக்கக் கூடாது. ஜெபத்துக்குள் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்துங்கள். "ஆண்டவரே, இவன் கணக்கில் நன்றாகப் படிக்க புத்தி கொடும்" என்று அவன் முன்னாலேயே கண்ணைமூடிச் சொல்வது ஜெபம் இல்லை, அவனுக்கும் அது தெரியும்.

இந்த வழிக்குச் செலவு உண்டு. நேரம் வேண்டும், ஷிப்ட் முடிந்து ஒன்பது மணிக்கு வரும் அப்பாவுக்கு அது எளிதில்லை. அவருக்கு நான் சொல்வது, தினமும் முடியாவிட்டால் சூசன்னாவைப் போல வாரத்தில் ஒரு மாலை, ஒரு பிள்ளைக்கு. தாத்தா பிரம்பை நம்புகிறவர் என்றால் வீட்டில் உரசல் வரும். அவர் கையிலிருந்து பிரம்பை வாங்கிவிட்டு, கதை சொல்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். சாட்சியும் பழைய கீர்த்தனையும் அவரிடம்தான் இருக்கின்றன. பாட்டி தாத்தாவின் பங்கு பெரிது என்பதை பெங்ட்ஸனும் பார்த்தார்.

உத்தரவாதம் மட்டும் எந்த வழியிலும் இல்லை. எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் பிள்ளை விலகிப் போகலாம். பதினான்கு, பதினைந்து வயதில் மகன் திடப்படுத்தல் எடுக்க மாட்டேன் என்றால் பெற்றோருக்கு ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் வந்துவிடும். சட்டை தைத்தாயிற்று, சொந்தக்காரரிடம் சொல்லியாயிற்று. அப்போது பேராயர் முன் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று யோசியுங்கள். ஞானஸ்நானத்தில் மற்றவர்கள் அவனுக்காகச் சொன்னதைத் தன் வாயால் தானே ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். வற்புறுத்தி வாங்கிய சொல்லை வைத்து அந்த ஆராதனையை என்ன செய்வது? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் விசுவாசம் அதன் இயல்பிலேயே சுதந்திரமான செயல் என்று எழுதி வைத்தது. ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஆயரிடம் நீங்களே போய், அவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டுமாம் என்று சொல்லுங்கள், பெரும்பாலான ஆயர்கள் புரிந்துகொள்வார்கள். அந்த ஒரு வருடமும் எட்டரை மணிக்கு அவன் பாயில் உட்காரட்டும், அவன் கேள்விகளோடு.